மூன்றாம் படிக்கு முன் முதல் படி



இந்த மாதச் சமயச் சிந்தனையை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் மூன்றாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவன். சாத்திரம் கரைத்துக் குடித்தவன் அல்ல. எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பேன், அவ்வளவுதான். ஆனால் 2020-இல் நான் செய்த ஒரு தப்பு, எந்த வகுப்பிலும் நான் கற்காத பாடத்தைக் கற்றுக் கொடுத்தது. 2021 ஜனவரி 22 முதல் நம் கெடாவில் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. காவடியும் பால்குடமும் இல்லாத தைப்பூசம் அந்த ஆண்டு ஜனவரி 28-இல் வந்தது. ஆகவே அந்தப் பாடத்தைச் சொல்ல அதுதான் நேரம் என்று நினைத்தேன்.

2020 மார்ச் 16 இரவு பிரதமர் முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, 18-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் பி.கே.பி. என்று அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் 17-ஆம் தேதி பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். பீடோங் பக்கம் ஒரு தோட்டம் எங்களுடையது. தாத்தா காலத்தில் கித்தா, இப்போது செம்பனை. பழைய லயத்து வீடுகளில் பாதி காலி. மீதியில் எங்களைப் போலச் சில குடும்பங்கள். வீட்டில் அப்பா, அம்மா, தங்கை, பாட்டி. பாட்டிக்கு 74 வயது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இரண்டும் உண்டு.

எனக்கு ஓட்டம் என்றால் உயிர். பல்கலைக்கழகத்தில் தினமும் காலையில் 8 கிலோமீட்டர் ஓடுவேன். ஓடாத நாளில் பாடமும் ஏறாது, சோறும் இறங்காது. அப்படிப்பட்டவன் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேரோடு அடைந்து கிடந்தால் எப்படி இருக்கும்? முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டேன். குடும்பத் தலைவர் மட்டும் சாமான் வாங்கப் போகலாம், ஓட்டம் கூடாது, திடல் கூடாது, கோயிலும் மூடல். மார்ச் 27-இல் கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் ஓடிக்கொண்டிருந்த 11 பேரைப் போலீஸ் பிடித்தது என்று செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "அது நகரம். கூட்டமான இடம். இங்கே செம்பனை மரத்துக்கா தொற்று வரும்?"

நான் படிக்கிறவன் இல்லையா? நியாயம் கண்டுபிடிப்பது எங்களுக்குச் சுலபம். திறந்தவெளி. தனி ஆள். காற்றோட்டம். எதிரே மனிதர் யாருமில்லை. ஆபத்து ஏறக்குறையப் பூஜ்யம். கணக்குச் சரிதானே?

மறுநாளே இருட்டோடு கிளம்பினேன். நம் ஊரில் அந்த மாதத்தில் விடிய ஏழு மணிக்கு மேல் ஆகும். ஆறு மணிக்குப் புறப்பட்டால் கண்ணுக்குக் கண் தெரியாது. பாட்டி மட்டும் அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

"எங்கடா போற இருட்டுல?"

"பின்னால பூ பறிக்கப் போறேன் பாட்டி, சாமிக்கு."

அப்படித்தான் வாயில் வந்தது. திரும்பி வரும்போது வேலி ஓரத்துச் செம்பருத்தியில் நாலு பூ பறித்துக்கொண்டு வருவேன். பாட்டி அதைக் கண்ணில் ஒற்றி முருகன் படத்துக்கு வைப்பார். இப்படி ஆறு நாள் ஓடினேன். ஆறு நாளும் பூ வைத்தேன்.

நான் கவனிக்காதது ஒன்று. இருட்டில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் லயத்தில் ஜன்னல் இருக்கிறது. என் சமய வகுப்புப் பையன்கள் பார்த்திருக்கிறார்கள். ஆறாவது நாள் நான் ஓட்டம் முடித்து வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஏழு பேர் காற்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ரோந்து வண்டி வந்திருக்கிறது. பையன்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓட, 13 வயதுப் பையன் ஒருவன் தோட்டத்துக் கால்வாயில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

அவன் அம்மா தனி ஆள். சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த நாள்களில் மருத்துவமனை என்றாலே எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். அந்த அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு, சாலைத் தடுப்பில் நின்று விளக்கம் சொல்லி, மருத்துவமனையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கட்டுப் போட்டுக்கொண்டு இரவில் திரும்பினார். அதற்குப் பிறகு 14 நாள், வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவருக்குத் தூக்கம் இல்லை. ஆண்டவன் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் வாசலுக்கு வெளியே தள்ளி நின்று என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டவில்லை.

"தம்பி, இவன ஏன்டா போனன்னு கேட்டேன். அண்ணனே ஓடுறாரேம்மான்றான். நீங்க சொன்னா இவனுங்க கேப்பானுங்க தம்பி. நீங்க செஞ்சா அதயும் செய்வானுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்கு இதைத்தான் சொல்கிறார். பெரியவர் என்று எண்ணப்படுபவர் எப்படி நடக்கிறாரோ, உலகம் அப்படியே பின்பற்றும் என்று. அதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அப்போது "பெரியவர்" என்றால் தலைவர், மந்திரி என்று நினைத்தேன். ஏழு பையன்களுக்கு நான்தான் அந்தப் பெரியவர் என்பது அந்த வாசலில்தான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு பாட்டியிடம் பூ விஷயத்தைச் சொன்னேன். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குப் பூ வேணாம்டா. நீ வீட்ல இரு" என்றார்.

தம்பிகளே, இங்கேதான் சமயத்துக்கு வருகிறேன்.

உடற்பயிற்சி தப்பா? இல்லவே இல்லை. உடம்பைப் பேணுவது நம் சமயத்தில் கடமை. திருமூலர் திருமந்திரத்தில் இதைத் தெளிவாகவே பாடியிருக்கிறார். முதலில் இந்த உடம்பை இழிவு என்று எண்ணியிருந்ததாகவும், பிறகு அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டு அதைப் போற்றிக் காத்ததாகவும் சொல்கிறார். விவேகானந்தரும் இளைஞர்களைப் பார்த்து முதலில் பலசாலிகளாகுங்கள், காற்பந்து ஆடுவது உங்களைச் சொர்க்கத்துக்கு இன்னும் அருகில் கொண்டு போகும் என்ற கருத்தில் பேசியவர்தான். நானே அதை வகுப்பில் சொன்னதால், ஒரு பையன் பின்னாளில் என்னிடம், "அண்ணே, நாங்க கீதை கிளாசைத்தான் பால் கிளாசா மாத்திக்கிட்டோம்" என்று கிண்டல் செய்தான். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

அப்படியானால் என் தப்பு எங்கே? வரிசையில்.

பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு எட்டு அங்கங்கள் சொன்னார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டையும் பாடுகிறார். நாம் யோகா என்றால் உடனே ஆசனத்துக்குப் போய்விடுகிறோம். பாயை விரிக்கிறோம், உடம்பை வளைக்கிறோம். ஆனால் உடம்புக்கான ஆசனம் மூன்றாம் படி. அதற்கு முன்னால் இரண்டு படி இருக்கிறது. முதல் படியான இயமம் என்பது, மற்ற உயிர்களிடம் நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்பது. அகிம்சை, சத்தியம், திருடாமை, பிரம்மச்சரியம், பேராசை இன்மை என்று அதில் ஐந்து. என் உடம்பை நான் வளர்ப்பதற்கு முன், என்னால் இன்னொரு உயிருக்குத் துன்பம் வரக்கூடாது. வரிசையே அதைத்தான் சொல்கிறது.

என் ஆறு நாள் ஓட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன்.

அகிம்சை: என் வீட்டில் 74 வயதுப் பாட்டி. பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர். இந்தத் தொற்று, அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் பரவும். ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுத்து, அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பேருக்குக் கொடுத்தால், பத்தாவது சுற்றில் மட்டும் 1,024 பேர். இது படிவம் மூன்றுக் கணக்கு. நான் தனியாக ஓடும்போது தொற்று பரவாது என்று வாதாடலாம். அறிவியல்படி அதில் பாதி உண்மையும் இருக்கிறது. திறந்தவெளியில் தனியாக ஓடுகிறவனால் ஆபத்து குறைவுதான். ஆனால் நான் தனியாக ஓடவில்லையே! எனக்குத் தெரியாமலே ஏழு பேரைக் கூட்டிக்கொண்டல்லவா ஓடியிருக்கிறேன்?

சத்தியம்: இதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பொய்யைப் பூவில் சுற்றிச் சாமி பாதத்திலேயே வைத்தவன் நான்.

திருடாமை: நான் எதைத் திருடினேன் என்று முதலில் புரியவில்லை. பிறகு ஒரு நாள் புரிந்தது. அந்தச் சாலை ஏன் காலியாக இருந்தது? மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் இருந்ததால். அந்தப் பையன்களின் அம்மா, சம்பளம் என்ன ஆகுமோ என்ற கவலையோடு உள்ளே இருந்தார். தினக்கூலிக்காரர் ஒருவர் அரிசியை அளந்து போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார். இத்தனை பேர் கஷ்டப்பட்டு உண்டாக்கிய காலிச் சாலையை, விலை கொடுக்காமல் நான் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆபத்து பூஜ்யம் என்று நான் போட்ட கணக்கு சரியானதே அவர்களால்தான். எல்லாரும் என்னைப் போலவே கணக்குப் போட்டிருந்தால், அந்தச் சாலையில் கூட்டம் நின்றிருக்கும்.

முதல் படியில் மூன்று ஓட்டை வைத்துக்கொண்டு, மூன்றாம் படியில் நின்று வேர்வை சிந்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயர் பயிற்சி அல்ல.

சட்டத்துக்குப் பயந்து விதியைக் காப்பது ஒன்று. 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம் இருக்கிறது, அப்போது ஆயிரம் வெள்ளி அபராதம் இருந்தது, சாலையில் போலீஸ் இருந்தது. போலீஸ் இல்லாத இடத்தில் அந்தப் பயம் வேலை செய்யாது. எனக்கு வேலை செய்யவில்லை. ஆனால் நமக்குள் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. அதை நாம் ஆண்டுதோறும் போலீஸ் இல்லாமலே காக்கிறோம். அதன் பெயர் விரதம்.

தைப்பூசத்துக்கு மாலை போட்டவனை நினைத்துப் பாருங்கள். 48 நாள் அசைவம் இல்லை. தரையில் படுக்கை. நண்பர்கள் நாசி கண்டார் கடைக்குப் போனால் இவன் கோப்பியோடு எழுந்து வருகிறான். யாராவது காவல் இருக்கிறார்களா? அறைக்குள் தனியாக ஒரு துண்டுக் கோழி சாப்பிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் சாப்பிட மாட்டான். ஏனென்றால் அந்த விதியை அவன் தனதாக்கிக்கொண்டான். வெளியிலிருந்து வந்தால் அது தடை. தானே ஏற்றுக்கொண்டால் அதுவே தவம்.

பாட்டி ஒரு கதை சொல்வார். பாட்டியின் அப்பா தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்தபோது, நேராகத் தோட்டத்துக்கு விடவில்லையாம். பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்களாம். அந்தக் காலத்தில் கூலிகளாக வந்த நம்மவர் பலர் கண்ட முதல் மலாயா அந்தத் தனிமைக் கொட்டகைதான். "எங்கப்பாவ ஏன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் பூட்டி வெச்சானுங்க. உனக்கு ஏன்னு தெரியுது. தெரிஞ்சும் உக்கார முடியலயா?" என்று பாட்டி கேட்டார். அவர் கேட்டது நியாயம். காரணம் தெரிந்து, யாருக்காக என்று தெரிந்து, நானே என்னை உட்கார வைத்தால் அது சிறை ஆகாது.

அன்று முதல் கட்டுப்பாடு தளரும்வரை அதை விரதமாக எடுத்துக்கொண்டேன். எதற்கும் வாசலைத் தாண்டவில்லை. ஆனால் உடம்பைச் சும்மா விடவும் இல்லை. வரவேற்பறையில் மேசையை நகர்த்தினால் ஒரு பாய் விரிக்க இடம் வந்தது. காலையில் 12 சுற்று சூரிய நமஸ்காரம். ஒரு சுற்றில் 12 நிலை, ஆக 144 அசைவு. செய்து பாருங்கள், 8 கிலோமீட்டர் ஓடியவனுக்கும் மூச்சு வாங்கும். மாலையில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம். 21-இல் ஆரம்பித்து 108 வரை ஏற்றினேன். பிறகு பத்து நிமிடம் பிராணாயாமம், ஒரு பதிகம். மூன்றாம் நாள் தங்கை சேர்ந்தாள். ஒரு வாரத்தில் அம்மா சேர்ந்தார். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கி இறக்குவார்.

பையன்களிடம் வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. "நான் செஞ்சது தப்பு. நீங்க செஞ்சதும் தப்பு. ஆனா என்னுதுதான் முதல்ல" என்று எழுதினேன். பிறகு தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் காணொளி அழைப்பில் ஏழு பேரும் தோப்புக்கரணம். இணைய வசதி சரியாக இல்லாத வீட்டுப் பையன் எண்ணிக்கையை மட்டும் செய்தியில் அனுப்புவான். பொய் எண்ணிக்கை அனுப்பலாம், எனக்குத் தெரியாது. ஒரு நாள், "இன்னிக்கு 40தான் அண்ணே, கால் வலி" என்று அனுப்பினான். அந்த 40-ஐப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நான் பாட்டியிடம் சொல்லாத உண்மையை அவன் என்னிடம் சொன்னான்.

கையில் கட்டுப் போட்டவனுக்கு மட்டும் தோப்புக்கரணத்துக்கு விலக்கு. அவன் எல்லாருக்கும் எண்ணிச் சொல்வான்.

இனி இதன் மறுபக்கம்.

திருக்குறளில் அடக்கமுடைமை என்ற 13-ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் ஆமையைக் காட்டுகிறார். கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் ஆமை வருகிறது. ஐந்து உறுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமைபோல் ஐம்புலன்களை அடக்கு என்பது பாடம். நமக்கு எல்லாருக்கும் தெரிந்த உவமைதான். ஆனால் வீட்டுக்குள் இருந்த நாள்களில் எனக்கு வேறொன்று தோன்றியது. ஆமை எப்போதும் ஓட்டுக்குள்ளேயே இருப்பதில்லை! ஆபத்து வந்தால் இழுத்துக்கொள்கிறது. போனதும் காலை நீட்டி நடக்கிறது. உள்ளேயே கிடந்தால் அது அடக்கம் அல்ல, செத்த ஆமை.

2020 மே மாதத்தில் நிபந்தனையுடன் கட்டுப்பாடு தளர்ந்தது. ஓட்டம், சைக்கிள் போன்ற, ஒருவரை ஒருவர் தொடாத பயிற்சிகளுக்கு அனுமதி கிடைத்தது. அன்று விடிந்ததும் சாலையில் ஓடினேன். இருட்டில் இல்லை, நல்ல வெளிச்சத்தில். பாட்டியிடம், "ஓடப் போறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு ஓடினேன். செம்பனைக்கு மேலே குனோங் ஜெராய் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. அதே சாலை, அதே ஆள். ஆனால் அந்த ஆறு நாளில் பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓடினேன். அன்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பையன்களையும் இழுத்து வந்தேன். இழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்! முன்பு வெளியே போகாதே என்றால் ஓடியவர்கள், இப்போது வெளியே வா என்றால் கைப்பேசியை விட்டு எழ மாட்டேன் என்கிறார்கள். ஏழு வாரத்தில் விளையாட்டுச் செயலி பழகிவிட்டது. "வெளிய டேஞ்சர்ணே" என்று விதியையே சாக்காகச் சொன்னான் ஒருவன். தம்பிகளே, விதியை மீறுவது எவ்வளவு தப்போ, அதைக் காட்டிச் சோம்பிக் கிடப்பதும் அவ்வளவு தப்பு. நம் தோட்டத்திலும் தாமானிலும் எந்த வீட்டைத் தட்டினாலும் இனிப்பு நீர் மாத்திரை இருக்கிறது. அந்த மாத்திரை பாட்டியோடு நிற்க வேண்டும்; நம் கைக்கு வரக்கூடாது. கை காலை ஆட்டாமல் எந்தத் தேவாரமும் அதைத் தடுக்காது.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லி முடிக்கிறேன்.

அதே ஆண்டு ஜூலையில், நம் கெடாவின் குபாங் பாசு மாவட்டத்தில் நாப்போவில் நடந்ததை எல்லாரும் அறிவீர்கள். தமிழ்நாட்டுச் சிவகங்கையிலிருந்து திரும்பிய ஓர் உணவகக்காரர், வீட்டில் தனிமையில் இருக்க வேண்டிய நாள்களில் வெளியே போனார். "சிவகங்கா கிளஸ்டர்" என்று பெயர் வந்தது. 45 பேருக்குத் தொற்று. நாலு முக்கிம்களுக்குக் கடும் கட்டுப்பாடு. ஆகஸ்ட் 13-இல் அலோர் ஸ்டார் நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது.

அந்த நாள்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அவரைத் திட்டாத ஆள் இல்லை. இனத்தை இழுத்தார்கள், ஊரை இழுத்தார்கள், மதத்தை இழுத்தார்கள். நானும் நாலு வரி காரமாகத் தட்டினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றுவிட்டது. வேலி ஓரத்துச் செம்பருத்தி ஞாபகம் வந்தது. அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. என் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். "நான் மட்டும்தானே, கொஞ்ச நேரம்தானே, எனக்கொன்றும் இல்லையே." என்னால் 45 பேருக்குத் தொற்று வரவில்லை என்றால், அது என் நல்லொழுக்கத்தால் அல்ல, முருகன் போட்ட பிச்சை. எழுதியதை அழித்தேன்.

அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. ஆனால் தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை. தன்னைத் திருத்திக்கொள்வது நம் வேலை. மற்றவன் தப்பில் கல்லெறிவது ரொம்பச் சுலபம், அதற்கு ஒரு வேர்வைத் துளிகூட வேண்டாம்.

2021 ஜனவரியில் மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. அம்முறை விதி கொஞ்சம் வேறு. வீட்டுப் பக்கத்திலேயே, இடைவெளி விட்டு ஓட்டம் போன்ற பயிற்சி செய்ய அனுமதி இருந்தது. கூட்டமாக விளையாட இல்லை. விதி எப்போதும் மாறலாம், இறுகலாம், தளரலாம். ஒவ்வொரு முறையும் அறிவிப்பைச் சரியாகப் படியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அனுப்பிய செய்தியை நம்பாதீர்கள், என்னைப் போன்ற அண்ணனாக இருந்தாலும் சரி. பிறகு உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள்.

நான் இப்போது வெளியே போவதால் யாருக்காவது தீங்கு வருமா? எங்கே போகிறேன் என்று வீட்டில் உள்ளபடி சொல்ல முடியுமா? எல்லாரும் என்னைப் போலவே செய்தால் நம் தோட்டம், நம் தாமான் தாங்குமா?

மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், காலணியைக் கட்டுங்கள், முகக் கவரியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக ஓடுங்கள். ஒன்றுக்கு இடித்தாலும் பாயை விரியுங்கள். சூரிய நமஸ்காரத்துக்கு ஒரு பாய் அளவு இடம் போதும். சூரியன் ஜன்னல் வழியாகவும் பார்ப்பான்.

அந்தத் தைப்பூசத்தில் பலர் வருத்தத்தோடு இருந்தோம். எனக்கும் வருத்தம்தான். சிறு வயதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சுங்கைப் பட்டாணிக் கோயிலுக்குப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். அந்த ஆண்டு பாட்டி வீட்டு முருகன் படத்துக்கு முன்னால்தான் பால் வைத்தார். அதற்கு முன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "டேய், தைப்பூசத்தன்னிக்குப் பூ பறிச்சிட்டு வா" என்றார். ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, பாட்டி என்னிடம் பூ கேட்டு.

28-ஆம் தேதி காலையில் வேலி ஓரம்வரை போனேன். பூவை மட்டும் பறித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

வேலும் மயிலும் துணை.